கருப்பன் மேடையில் மூன்று கல்

தறி ஓடுகிறவரைக்கும் ஜாஸ்மினுக்கு ஒன்றுமில்லை. தறி நின்றால்தான் ஆகாது.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற கூடம் அது. விசைத்தறிகள் வரிசையாக நின்று அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்கிறவள் பேசுவது காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. கரண்டு போய்விட்டால் அத்தனை தறியும் ஒன்றாக ஓய்ந்துபோகும். அந்த ஓய்ச்சலுக்குள்தான் அவளுக்கு அந்தக் கூவல் கேட்கும். எங்கோ மலைக்குள்ளிருந்து, ஈரம் பட்ட குரலில், கடைசியை இழுத்து இழுத்து...

"நிப்பாட்டியாச்சேய்!"

கையில் நூல்கண்டு அப்படியே நிற்க, அவள் வாசலைப் பார்ப்பாள்.

"ஏட்டி, மறுபடியும் வாசலைப் பாக்கியே," என்றாள் அடுத்த தறிக்காரி செல்வலட்சுமி. "கரண்டுதான் போயிருக்கு."

"அவிய சத்தம் கேட்டுச்சுக்கா."

"எனக்குந்தான் கேட்டுச்சு. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தலன்னு சூப்பர்வைசர் தொண்டை கிழிய வையுதாரு. அதைக் கேட்டுட்டு நீ புருசன் கூப்பிடுதாருங்கே."

ஜாஸ்மின் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. செல்வலட்சுமி தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. உசுரோட இருக்கவரு கூப்பிடுத மாதிரி கேக்கா, இல்ல..."

"அதுதானக்கா எனக்குத் தெரியல. தெரிஞ்சா நான் எதுக்கு வாசலைப் பாக்கேன்?"

அவள் புருசன் ஜோயல் பம்புக்காரன். பிளவக்கல்லுக்கு மேலே கூத்தன்பாறைக்குள் வெள்ளைக்காரன் காலத்தில் குடைந்த தண்ணீர்ச் சுரங்கம் ஒன்று உண்டு. கோடையில் தண்ணீர் வற்றியதும் காண்ட்ராக்டர் ஆள் இறக்கி மண் வாருவார். உள்ளே ஊறி நிற்கிற தண்ணீரை இறைக்க, வாசல் வளைவைத் தாண்டினதும் வலது கைப்பக்கம் ஒரு குழிவில் டீசல் பம்பு. அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஜோயல் வேலை. நிறுத்தினால் சும்மா நிறுத்தக் கூடாது. ஓடிக்கொண்டிருந்த சத்தம் பட்டென்று நின்றால், இருட்டுக்குள் மண் வாருகிறவனுக்கு ஈரக்குலை பதறும். நான்தான் நிறுத்தினேன், பயப்படாதே என்று சொல்லத்தான் அந்தக் கூவல். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் அவனை விடாது. அடுப்பில் பாலை அணைத்தால்கூட "நிப்பாட்டியாச்சேய்!" என்பான். "தெருவுக்கே கேக்குது, பால் பொங்கலன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமோ?" என்று ஜாஸ்மின் ஏசுவாள்.

போன வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் பூமி அசைந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அது ஒரு பெரிய காரியமே இல்லை. ஜாஸ்மின் வீட்டு அலமாரியில் தம்ளர்கள் கலகலத்தன, காலண்டர் ஆடியது. "ஒங்க வீட்லயுமா?" "நான் லாரி போகுதுன்னுல்லா நெனச்சேன்" என்று தெருவில் நாலு பேர் கூடிப் பேசிவிட்டு, விட்ட சீரியலைப் பார்க்க உள்ளே போனார்கள். இராஜபாளையத்தில் மில்லுக்குள் நின்றவர்களுக்கு அசைந்ததே தெரியாது. மில் எந்நேரமும் அசைகிறதுதானே. ஆனால் கூத்தன்பாறையில், சுரங்க வாசலுக்கு மேலே நெற்றிபோலத் துருத்திக்கொண்டிருந்த பாறை, எத்தனையோ மழைக்கும் வெயிலுக்கும் வெடித்து வெடித்து ஒரு சாக்குக்காகக் காத்திருந்தது போலும். அந்தச் சின்ன அசைவுக்கே மளமளவென்று இறங்கி வாசலை அடைத்துவிட்டது.

உள்ளே எத்தனை பேர் என்று யாரும் திகைக்கவில்லை. வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி, இலுப்பை மரத்தடியில் கருப்பன் மேடை இருக்கிறது. உள்ளே இறங்குகிற ஒவ்வொருத்தரும் ஒரு கல்லைப் பொறுக்கி மேடையில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே வந்ததும் தன் கல்லை எடுத்துப் பள்ளத்தில் வீசிவிட வேண்டும். இன்னார் உன் வயிற்றுக்குள் இருக்கிறார், பத்திரமாகத் திருப்பிக் கொடு என்று மலைக்குச் சொல்கிற முறை அது. எடுக்காமல் விட்ட கல்லுக்குரியவனை மலை தேடி வந்து கேட்கும் என்பார்கள். அன்றைக்கு அவ்வளவு பாறை இறங்கியும் மேடையில் ஒரு சிராய்ப்பு இல்லை. மேலே மூன்று கல் இருந்தது.

மூன்று கல், மூன்று உயிர். இடது பக்கம் மேலாக வழி குடைந்து, மறுநாளே சோலைராஜ் என்பவனையும் அவனோடு இருந்த இரண்டு பேரையும் கீறல் இல்லாமல் வெளியே இழுத்தார்கள். கைதட்டல், மாலை, டிவியில் பேட்டி. கருப்பனுக்குக் கிடா வெட்டி, மண்வெட்டிகளைக் கழுவி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஜோயல் மட்டும் வீடு வந்து சேரவில்லை.

தேடாமலா இருந்தார்கள்? அவன் அன்று காலையிலேயே அரைநாள் லீவு சொல்லியிருந்தான். கடைவாய்ப் பல் ஒரு வாரமாக அவனைப் படுத்திக்கொண்டிருந்தது. ஜாஸ்மின்தான் தறிக்கூடத்துத் துண்டுத் துணியில் கிராம்பு முடிந்து, சட்டைப் பையில் போட்டு அனுப்புவாள். இராஜபாளையத்துக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கப் போவதாகக் கூட வேலை செய்கிற ஐயாதுரையிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் எந்தப் பல் ஆஸ்பத்திரிக்கும் அவன் போகவில்லை. போன் அன்றிலிருந்து அணைந்து கிடந்தது. செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான். கொல்லம் பஸ்ஸில் ஏறியதாக அவனே இரண்டு நாள் கழித்துச் சேர்த்துச் சொன்னான். "கேரளாப் பக்கம் கூலி சாஸ்தி" என்று ஜோயல் என்றைக்கோ பேசியது ஊருக்கு ஞாபகம் வந்தது. பிறகென்ன? "பல்லைப் புடுங்கப் போறேன்னவன் வேரோட தன்னையே புடுங்கிட்டுப் போயிட்டாம்லா," என்று தெருவில் ஒரு கிழவி சொல்ல, அதற்குச் சிரிக்காதவர்கள் யாருமில்லை.

ஐப்பசி நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜோயலின் அண்ணன் ராஜரத்தினம் வந்தார். இராஜபாளையத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்.

"உக்காருங்க அத்தான், காப்பி போடுதேன்."

"காப்பி வேண்டாம்மா. ஒரு சேதி சொல்லிட்டுப் போறேன். அந்தச் சுரங்க வாசலை அடைக்கப் போறாவ. மழைக்கு முன்ன கான்கிரீட் போட்டு ஒரேயடியா மூடிட்டு, தள்ளிப் புதுசா வாசல் வெட்டுதாவளாம். ஏங்கடைக்குத்தான் கம்பி கேட்டு வந்தாவ."

"எப்ப?"

"நாளைக்குக் கம்பி போகுது."

ஜாஸ்மின் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவிய உள்ள இருந்தா?"

"மறுபடியும் தொடங்கிட்டியா? மேடையில மூணு கல்லுதானம்மா இருந்துச்சு. அவன் கல்லு இல்ல."

"சபையில காணிக்கைப் பை எடுக்குதவரு நீங்க. கருப்பன் கல்லையா சாட்சிக்குக் கூப்பிடுதிய?"

ராஜரத்தினம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "நான் நம்பலம்மா. அங்க வேலை பாக்குதவன் நம்புதாம்லா. அவம் நம்பிக் கல்லு வைக்கான், நம்பி எடுக்கான். அப்ப கணக்கு சரியாத்தான இருக்கும்?"

"அவிய கல்லே வைக்கமாட்டாவ அத்தான். நாந்தான் வேண்டாம்னேன். சபையில திடப்படுத்தல் எடுத்த மனுசன் கல்லுக்கு முன்ன போய் நிக்கலாமான்னு கேட்டேன். சரி, இனி வைக்கலன்னு சொன்னாவ."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டார். கோபம் இல்லை, களைப்புத்தான்.

"அப்ப நீ சொன்னதை அவன் கேட்டிருந்தாம்னா உள்ள கெடக்கான். கேக்கலன்னா எங்கயோ நல்லா இருக்கான். அப்படித்தான?"

"ஆமா."

"இதுல எது வேணும்னு ஜெபம் பண்ணுத?"

இத்தனை மாதமாக முழங்கால் போட்டு ஜெபிக்கிற ஜாஸ்மின் அந்த இடம் வந்ததும் நின்றுவிடுகிறாள், மேற்கொண்டு ஒரு வார்த்தை ஓடாது. உயிரோடு இருக்கிறான் என்றால் அவளை ஏமாற்றியவன். ஏமாற்றாதவன் என்றால் உயிரோடு இல்லை. இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்க எந்தப் பெண்ணால் முடியும்? கேட்காமலும் இருக்க முடியவில்லை. கான்கிரீட் விழுந்துவிட்டால் கேள்வியும் அதற்குள் சேர்ந்து இறுகிவிடும். பிறகு காலம் முழுக்கத் தறி நிற்கும்போதெல்லாம் அவள் வாசலைப் பார்க்க வேண்டியதுதான்.

மறுநாள் தறிக்குப் போகாமல் வத்திராயிருப்பு பஸ் ஏறி, மகாராஜபுரத்தில் இறங்கினாள். ஐயாதுரை ஊர் அது. ஜோயலோடு கடைசியாகப் பேசியவன் அவன்தான். சுரங்க வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டு இப்போது தேங்காய் லோடு அடிக்கிறான் என்று கேள்வி. போனில் கேட்டபோதெல்லாம் "அவரு வெளிய வந்துட்டாரு மதினி" என்பதற்கு மேல் அவன் பேசியதில்லை.

ஐயாதுரையைத் தேட வேண்டியிருக்கவில்லை. டீக்கடையிலிருந்து குரல் வந்தது. வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் தேங்காய் விலை பேச வந்து, விலையை மறந்துவிட்டு, டீ ஆற ஆற அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முதுகு ஜாஸ்மின் பக்கம்.

"...எங்கக்கா மகளுக்கு அன்னைக்குக் காதுகுத்து. நான் அரைநாள் சொல்லிட்டு இறங்கி வாரேன். கீழ வளைவுலதான் செல்லுக்குச் சிக்னல் எடுக்கும். எடுத்ததும் எங்கக்கா புடிச்சுக்கிட்டா. 'பந்திக்கு எலை பத்தாது, வாங்கிட்டு வாலே'ன்னு ஒரே ஒப்பாரி. அவ பேசினா லேசுல விடமாட்டா. நின்னு நின்னு காலே கடுக்குது. அப்பப் பாத்து..." குரலைத் தாழ்த்தினான். "மலையணில் கத்திக்கிட்டே இருக்கும்லா? நின்னு போச்சு. குருவி நின்னுச்சு. பம்பு சத்தம் நின்னுச்சு. மலையே மூச்சை இழுத்துப் புடிச்ச மாதிரி ஒரு அமைதி."

"பொறவு?" என்றார் ஒரு வியாபாரி.

"பொறவுதான் அந்தக் கூவல். மனுசக் குரல் இல்ல பாத்துக்கிடுங்க. மலைக்குள்ள இருந்து மலையே கூவுது, அம்புட்டுத் தூரத்துல சொல்லு ஒண்ணும் பிடிபடல. அது கூவி முடிக்கவும், பூமி குலுங்கி அம்புட்டுக் கல்லும் இறங்குச்சு."

"எப்படிக் கூவுச்சு?"

ஐயாதுரை வாயருகே கையைக் குவித்தான். சொல் ஒன்றும் இல்லை, வெறும் ராகம்தான். அடியில் தொடங்கி, மெல்ல ஏறி, உச்சியில் ஒரு நெளிவு நெளிந்து, நீளமாக இழுத்துத் தேய்ந்தது.

இத்தனை நாளும் ஜாஸ்மினின் தலைக்குள் மட்டுமே கேட்ட சத்தம் அது. இப்போது பட்டப்பகலில், டீ வாசனைக்கும் பீடிப் புகைக்கும் நடுவே, இன்னொரு ஆணின் தொண்டையிலிருந்து வருகிறது. அவன் முடித்த இடத்திலிருந்து அவள் உதடு தானாக எடுத்தது.

"நிப்பாட்டியாச்சேய்..."

ஐயாதுரை திரும்பினான். "மதினி! எப்ப வந்திய? உக்காருங்க... ஏலே, ஒரு டீ போடு."

"டீ இருக்கட்டும் தம்பி. இப்பச் சொன்னியள்லா, அதை இன்னொருக்கச் சொல்லுங்க. எது மொதல்ல நின்னுச்சு?"

"அணில்... குருவி... பம்பு..."

"அணிலுக்குத் தெரியும், அது தன்னால நிக்கும். குருவியும் தன்னால நிக்கும். பம்பு தன்னால நிக்குமா தம்பி?"

"கல்லு விழுந்து நின்னிருக்கும்மா," என்றார் டீ ஆற்றுகிறவர்.

"கல்லுதான் இன்னும் விழலியே அண்ணாச்சி. பம்பு நின்னு, கூவி, பொறவுதான் கல்லுங்காரு. எத்தனை பேருட்டத் தம்பி இதைச் சொல்லியிருப்பிய?"

"கேட்டவுகளுக்கெல்லாம் சொல்லியிருக்கேன் மதினி."

"என்னைக்காவது மாத்திச் சொன்னியளா?"

"இல்ல. இப்படித்தான நடந்துச்சு." அவன் குரலில் கதைக்காரன் போய்விட்டிருந்தான்.

"சரி. அவிய கல்லை மேடையிலருந்து யாரு எடுத்தா? அவிய எடுத்ததை நீங்க கண்ணால பாத்தியளா?"

"நாந்தான் எடுத்தேன்," என்றான் ஐயாதுரை. அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. "அண்ணன் வைக்கமாட்டேன்னுட்டாருல்லா. ஒங்களுக்கு வாக்குக் குடுத்திருக்காராம். 'வீட்ல தெரிஞ்சா சோத்துல மண்ணுதான் ஐயாதுரை'ம்பாரு. எனக்கு மனசு கேக்கல. தெனமும் அவருக்கும் சேத்து நானே ரெண்டு கல்லு வைப்பேன். வெளிய வந்ததும் ரெண்டையும் எடுத்து வீசிருவேன்."

"அன்னைக்கும் ரெண்டையும் வீசுனிய."

"ஆமா."

"வீசும்போது அவிய எங்க நின்னாவ?"

"பம்புகிட்ட. 'இந்தக் குழித் தண்ணி இறைஞ்சதும் நிப்பாட்டிட்டுக் குறுக்குப் பாதையில பஸ்ஸுக்குப் போயிருதேன், நீ முன்னால போ. ஒங்கூட வந்தா காதுகுத்துச் சோத்துல உக்கார வச்சிருவ, நான் பல்லை வச்சுக்கிட்டு எங்கன திங்க'ன்னாரு. அக்காகிட்ட எம்புட்டு நேரம் பேசுனேன், அதுக்குள்ள அவரு பஸ்ஸே ஏறியிருப்பாருன்னுல்லா... வாசப் பக்கந்தான மதினி அது. வெளிச்சம் முதுகுல படுத எடம். இருட்டுக்குத்தான கல்லு? வெளிச்சத்துல நிக்கவனுக்கு எதுக்குக்..."

அங்கே நின்றது அவன் பேச்சு. கையிலிருந்த கண்ணாடித் தம்ளர் சாய்ந்து, டீ அவன் முழங்காலில் கொட்டியது. சூடு அவனுக்கு உறைக்கவில்லை. வியாபாரிகள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"வண்டியை எடுங்க தம்பி," என்றாள் ஜாஸ்மின்.

கான்சாபுரம் தாண்டி, அணைக்கட்டைச் சுற்றி, லோடு ஆட்டோ போகிற மட்டும் போய், பிறகு நடந்தார்கள். குறுக்குப் பாதை பிரிகிற இடத்தில் ஐயாதுரை நின்று, புல் மூடிக் கிடந்த அந்தத் தடத்தைப் பார்த்தான்.

வாசல் இருந்த இடத்தில் ஒரு கல் மலை. கான்கிரீட் கலக்குகிற இயந்திரமும் ஒரு ஜேசிபியும் வந்து நின்றன. பக்கத்தில் தலைக்கவசத்தோடு உதவிப் பொறியாளர் ரெனிட்டா. நாகர்கோவில் பெண், வேலைக்கு வந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. வனக்காவலர் வேலுசாமியும், மேஸ்திரியும், ஆட்களும். ஜாஸ்மின் சொல்லத் தொடங்கினாள். அவள் நிறுத்திய இடத்திலிருந்து மிச்சத்தை ஐயாதுரை சொன்னான். கதையாக இல்லை, தட்டுத் தடுமாறி.

முடிந்ததும் ரெனிட்டா சொன்னாள். "டீசல் தீர்ந்தும் நின்னிருக்கலாம். ஆனா டீசல் தீர்ந்தா யாரும் கூவமாட்டாங்க."

"அவிய வாசல்ல நின்னதாலதான் தப்பிச்சிருப்பாவன்னு இந்தத் தம்பி நெனச்சிட்டாரு மேடம்," என்றாள் ஜாஸ்மின்.

"அதுதாம்மா தப்பு. பூமி ஆடும்போது சுரங்கத்தோட உள்பக்கம் மலையோட சேர்ந்தே ஆடிடும். பெரிசா ஒண்ணும் ஆகாது. உள்ள இருந்த மூணு பேருக்கும் கீறல் இல்லையே, பார்த்தீங்கல்ல? அடி வாங்குறது வாசல்தான். மேல ஒட்டிக்கிட்டிருக்கிற கல்லெல்லாம் அங்கதான் வந்து விழும்."

வேலுசாமி தொப்பியைக் கழற்றினார். "அப்ப பத்திரமா இருட்டுல நின்னவனுக்கெல்லாம் கல்லு வச்சு எண்ணிட்டு, கல்லுக்கு நேரா வெளிச்சத்துல நின்னவனை எண்ணாம விட்டுட்டோம்." பிறகு ரெனிட்டாவின் பக்கம் குனிந்து, ஜாஸ்மினுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "ஆனி மாசம் இங்கன ஒரு நாத்தம் இருந்துச்சு மேடம். மிளா மானு விழுந்து செத்துக் கெடக்குன்னு நெனச்சேன். தேடவும் செஞ்சேன். கெடைக்கல."

ஜாஸ்மினுக்குக் கேட்டது.

மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். "மேடம், மேல பாருங்க. இன்னும் எம்புட்டுக் கல்லு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கி. செத்தவனை எடுக்கப் போயி இருக்கவன் சாகணுமா? இந்தம்மா பாவந்தான். எங்க வீட்ல இருக்கவளுகளும் பாவந்தான்."

அதுவும் நியாயம்தான். ரெனிட்டா பாறையை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒரு கசந்த சிரிப்பு இருந்தது.

"ஆளைத் தேடணும்னு ஆபீஸ்ல கேட்டா ஆயிரம் கேள்வி வரும். குவியலுக்குள்ள பம்பு இருக்கு, எடுத்துட்டு மூடுறேன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க. மேஸ்திரி, ஜேசிபியைப் பக்கவாட்டுல நிறுத்துங்க, வாசலுக்கு நேரா யாரும் நிக்க வேண்டாம். வேலுசாமி அண்ணே, நீங்க எதிர்ல நின்னு மேல மட்டும் பாருங்க. ஒரு பொடிக்கல் உருண்டாலும் விசில் அடிங்க. கையால எடுக்க வேண்டிய இடம் வந்தா முதல்ல நான் இறங்குறேன்."

மேஸ்திரி முணுமுணுத்தார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆட்கள் வழக்கம்போல் ஆளுக்கொரு கல் எடுத்து மேடையில் வைத்தார்கள். ஐயாதுரை ஒன்று வைத்தான். குனிந்து இன்னொன்று பொறுக்கினவன், அதைக் கையில் வைத்துக்கொண்டே ஜாஸ்மினைப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதிய மதினி."

"வைங்க," என்றாள்.

இரண்டு முறை விசில் அடித்தது, இரண்டு முறை எல்லோரும் ஓடினார்கள். ஒரு தடவை உண்மையாகவே ஒரு பாறைத் துண்டு வந்து இயந்திரத்தின் கைமேல் மோதித் தெறித்தது. வெயில் மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கியபோது, கற்களுக்கு நடுவே சிவப்பு பெயிண்ட் தெரிந்தது.

"பம்பு!"

"ஜேசிபியை நிப்பாட்டு!"

இயந்திரம் நின்றது. அதோடு எல்லாச் சத்தமும் நின்றது. மலையணில்கூட இல்லை. ஜாஸ்மின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த அமைதிக்குள்தான் அது வரும். தறிக்கூடத்தில் வருகிறது, தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் வருகிறது. அது பிறந்த இடமே இதுதான், இங்கே வராமல் இருக்குமா? காத்திருந்தாள். காற்று வந்தது, இலுப்பை இலை ஒன்று உதிர்ந்தது. கூவல் வரவில்லை.

"லீவரு இழுத்திருக்கு," என்றான் ஐயாதுரை, குழிக்குள் இருந்து. அழுகிறானா பேசுகிறானா தெரியவில்லை. "அண்ணன்தான் நிப்பாட்டியிருக்காரு. இழுத்து, கொக்கியும் மாட்டியிருக்காரு."

பிறகு கையால்தான் கல் எடுத்தார்கள். சொன்னபடி ரெனிட்டாதான் முதலில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவள் மேலே ஏறி வந்து ஜாஸ்மினுக்கு முன்னால் மறைத்தாற்போல் நின்றாள்.

"நீங்க பார்க்க வேண்டாம்மா. இது மட்டும் உங்களுதா, சொல்லுங்க."

கையுறை போட்ட கையில் ஒரு சின்ன முடிச்சு. மண் ஏறிப் பழுப்பாகிப்போன பேண்டேஜ் துணி. கிராம்பு வாசனை போய்விட்டிருந்தது. ஆனால் முடிச்சு போடுகிற விதம் ஒருத்திக்கு ஒரு மாதிரி. தறிக்காரி முடிச்சு தறிக்காரிக்குத் தெரியும். ஜாஸ்மின் அதை அவிழ்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

கீழேயிருந்து ராஜரத்தினம் மூச்சிரைக்க ஏறி வந்தார். கம்பி லாரியோடு வந்தவரிடம் யாரோ பாதி வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு கல் மேல் நின்றார். அவளிடம் கேட்ட கேள்வி அவர் முகத்திலேயே இன்னும் இருந்தது.

"நான் சொன்னதை அவிய கேட்டிருக்காவ அத்தான்," என்றாள் ஜாஸ்மின்.

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

துணியில் சுற்றி, நாலு பேர் தூக்கி, ஜோயலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்கள் ஒவ்வொருத்தராக மேடைக்குப் போய்த் தங்கள் கல்லை எடுத்துப் பள்ளத்தில் வீசினார்கள். ஐயாதுரை தன்னுடையதை எடுத்து வீசினான். ஒரு கல் மிச்சம் நின்றது. அவன் கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான், மறுபடியும் நீட்டினான்.

"ஏலல மதினி. இந்தக் கையாலதான அன்னைக்கும் எடுத்தேன்."

யாரும் அருகே போகவில்லை. அடுத்தவர் கல்லைத் தொடுகிற வழக்கம் அங்கே கிடையாது. ஜாஸ்மின் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்குப் போனாள். கருப்பனை அவள் கும்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கல்லை எடுத்தாள். வெயிலில் கிடந்து இன்னும் சூடாக, ஒரு ஆளின் கையைப் பிடித்தாற்போல் இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் பள்ளத்தில் வீசினாள்.

அது பாறையில் பட்டுப் பட்டுக் கீழே போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அதன் கூடவே இன்னொன்று உருளுமோ என்று எல்லோரும் மலையை அண்ணாந்து பார்த்தார்கள். ஜாஸ்மின் பார்க்கவில்லை. திறந்துகிடந்த வாசல் பக்கம் திரும்பி, இருட்டுக்குள் நிற்கிற யாருக்கோ கேட்க வேண்டும் என்பதுபோல் உரக்கச் சொன்னாள்.

"வந்துட்டாவ!"